நான்கு தென்னை நிற்கும் நிலம்



போன சனிக்கிழமை பின்னேரம் சந்தாக் கணக்குப் பார்ப்பதற்காகச் சிலாபத்துக்கும் முந்தலுக்கும் இடையிலுள்ள ஒரு தென்னந்தோட்டத்துக்குப் போயிருந்தோம். கணக்கை முடிக்க ஐந்தரை மணியாகிவிட்டது. புறப்படலாம் என்று எழுந்தபோது, "இருங்க சேர், இன்னிக்கு எங்களுக்குச் சந்தை நாள்" என்று தோட்டத் தலைவர் தடுத்துவிட்டார்.

லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு அப்பால் ஒரு வேப்பமரம். அதன் அடியில் நான்கு கிடுகுகளை விரித்துப் போட்டிருந்தார்கள். வேலை முடிந்து முகம் கழுவி வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பாத்தியில் பறித்ததைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு சுளகு நிறையக் கத்தரிக்காய். நாரில் கட்டிய பயற்றங்காய். வெண்டிக்காய், பாகற்காய், பச்சைமிளகாய். ஓர் அண்ணன் தோளில் சுமந்து வந்த பூசணிக்காயைக் கண்டதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். எண்பதைத் தொட்ட ஒரு பாட்டி, முந்தானையில் முடிந்து வந்த ஒரு பிடி பொன்னாங்காணியை எடுத்து வைத்துவிட்டு, தன் பங்கு கொஞ்சம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதுபோலச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

அங்கே தராசு இல்லை, விலை இல்லை. வைத்தவர்கள் தங்களிடம் இல்லாததை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த ஒரு தங்கைக்கு முதலில் முருங்கைக்கீரை போயிற்று. தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கிடக்கும் ஒரு தோழரின் வீட்டுக்கு ஒரு பை தனியாக ஒதுக்கப்பட்டது. உடப்புப் பக்கத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் அந்த நேரம் பார்த்து மணி அடித்துக்கொண்டு வந்தார். அவர் பெட்டியில் மிஞ்சியிருந்த சாளை மீன் கிடுகுக்கு இறங்கியது. கிடுகிலிருந்து பூசணிக்கீற்றும் மிளகாயும் அவர் பெட்டிக்கு ஏறின. பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சகோதரி ஒருவர் வல்லாரைக் கட்டோடு வந்து, கத்தரிக்காயோடு திரும்பினார். அரை மணித்தியாலத்தில் கிடுகில் மண்ணும் இரண்டு காம்பும்தான் மிச்சம்.

இரவு பஸ்ஸில் திரும்பும்போது நம் மடியிலும் ஒரு பை இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் கேட்கிறார்களா என்ன! அந்தப் பையை வைத்துக்கொண்டு யோசித்ததைத்தான் இந்த மாதம் எழுதுகிறோம்.

"தோட்டம்" என்ற சொல் நமக்கு இரண்டு பொருள் தருகிறது. ஒன்று, பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் தோட்டம். அங்கே எத்தனை மரம் ஏறினோம், எத்தனை காய் உரித்தோம், பேர் விழுந்ததா இல்லையா என்பதே நாளின் கணக்கு. மற்றது, லயத்தின் பின்பக்கம் பத்தடி நீளத்தில் நாமே கொத்திப் போட்ட தோட்டம். அங்கே செக்ரோல் கிடையாது. ஒரு கத்தரிச் செடி பூத்தால், பூத்ததைப் பார்க்க வீடே போகிறது. நாள் முழுக்க அடுத்தவனுடைய தேங்காயைப் பொறுக்கிய கை, மாலையில் தன்னுடைய வெண்டிக்காயைப் பறிக்கிறது. இந்தச் சந்தோசத்தைச் சின்ன விசயம் என்று யாராவது சொன்னால், அவர் ஒருநாளும் அடுத்தவன் நிலத்தில் வாழ்ந்து பார்த்ததில்லை என்று அர்த்தம்.

அந்தச் சந்தோசம் சும்மா வரவில்லை. நம் கரையோர மண் மணல். ஊற்றிய தண்ணீர் நின்று பதில் சொல்லாது, நேரே கீழே போய்விடும். சித்திரை மழையோடு விதை போட்டால், ஆனி ஆடியில் கச்சான் காற்று சுழற்றி அடிக்கும்போது காய்க்கும். அந்த இரண்டு மாதமும் மழை அருமை. அதனால்தான் நம் பெரியவர்கள் பாத்திக்கு அடியில் பொச்சைப் புதைத்தார்கள். உட்பக்கம் மேலே பார்க்கும்படி மட்டைகளை அடுக்கி, மேலே மண்ணும் சாணமும் சருகும் போட்டால், பொச்சு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையமும், வரட்சிக் காலத்தில் தென்னைக்கு ஈரம் காக்கப் பொச்சுக் குழி வெட்டச் சொல்கிறது. நம் பாட்டன்மார் அதையே கத்தரிக்குச் செய்து வந்திருக்கிறார்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரையை ஒட்டிய இந்த மண்ணில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். கற்பிட்டிப் பக்கம் ஆண்டு முழுக்க மரக்கறி போட்டு, பசளையை அள்ளிக் கொட்டியதில், கிணற்று நீரில் நைத்திரேற்று ஏறிவிட்டதை ஆய்வாளர்கள் பல காலமாக எடுத்துச் சொல்கிறார்கள். மணலில் போடும் பசளை செடிக்கு மட்டும் போவதில்லை, நாம் குடிக்கும் கிணற்றுக்கும் போகிறது. ஆகவே வாளியும் சாணமும் போதும். ஓட்டை வைத்த பழைய மண்பானை ஒன்றைப் பாத்தி நடுவில் புதைத்து நிரப்பி மூடிவைத்தால், செடி தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். மூடி மட்டும் மறக்கக்கூடாது. திறந்த பானையிலும் எறிந்த சிரட்டையிலும் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

இனி நம் பாடசாலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரப்பளவுக் கணக்கு நடத்த வேண்டியிருந்தது. கரும்பலகையில் கட்டம் போடுவதை விட்டு, அளவு நாடாவோடு பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனோம். முதலில் தென்னையை அளந்தார்கள். மரத்துக்கு மரம் 26 அடி. ஆராய்ச்சி நிலையம் சிபாரிசு செய்யும் இடைவெளியும் அதுதான். ஏக்கருக்கு 64 மரம். 26ஐ 26ஆல் பெருக்கினால் ஒரு மரத்துக்கு 676 சதுர அடி. ஒரு பேர்ச் என்பது ஏறக்குறைய 272 சதுர அடி. ஆகவே ஒரு தென்னைக்கு இரண்டரை பேர்ச் நிலம்.

பிறகு, அந்த வகுப்பிலேயே படிக்கும் ஒரு பிள்ளையின் காம்பராவை அளந்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. 120 சதுர அடி. அதில் ஐந்து பேர் படுக்கிறார்கள்.

பிள்ளைகள் கணக்கைச் சரியாகத்தான் போட்டார்கள். ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த இடத்தைப் போல ஐந்தரை மடங்கு ஒரு தென்னைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. விடையை எழுதி முடித்த ஒரு சிறுமி, "அப்ப நாங்க தென்னமரமா பொறந்திருக்கலாமே சேர்" என்றாள். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

தென்னைக்கு அந்த இடம் வேண்டும் என்பதில் நமக்கு ஒரு வழக்கும் இல்லை. தென்னை நமக்குச் சோறு போடுகிறது. இடம் நெருக்கினால் காய்க்காது என்று தெரிந்து இடம் விட்டிருக்கிறார்கள். மனிதக் குடும்பத்துக்கும் இடம் நெருக்கினால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் அளந்து பார்க்கவில்லை.

இந்த நிலைமை எப்படி வந்தது என்பதை இளைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் எழுதி நம் மக்களைப் பங்குபோட்டார்கள். 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து, ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றது. பெரிய தென்னந்தோட்டங்கள் கை மாறின. நாட்டில் நிலம் பங்கிடப்பட்ட அந்த நாளில், அந்த நிலத்தில் தலைமுறையாகக் கொத்தியவர்களில் பலருக்குக் கேட்பதற்கு வாயே இருக்கவில்லை. நாடற்றவன் நிலம் கேட்பதெப்படி? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கதை ஒரு முடிவுக்கு வந்தது. இன்று நாம் பிரசைகள். வாக்குப் போடுகிறோம். ஆனால் வாழைக்கன்று நடுவதற்கு இன்னும் அனுமதி கேட்கிறோம்.

பசி வந்த காலங்களையும் நினைத்துப் பார்ப்போம். 1973, 74இல் உலகச் சந்தையில் அரிசி, மா விலை ஏறியது, கூப்பன் அரிசி வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் நாட்டிலேயே மிகக் கடுமையாக அடிபட்டவர்கள் தோட்ட மக்கள். 1974இல் தோட்டங்களில் மரண வீதம் வெகுவாக ஏறியது. நிலம் வைத்திருந்த கிராமத்தவன் மரவள்ளியைத் தோண்டித் தின்று உயிர் பிடித்தான். தோட்டத்தானுக்குத் தோண்ட நிலம் இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கு என்றதும் அவர்கள் முகம் மாறும்.

இரண்டாவது பசி நாம் எல்லோரும் கண்டது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. மறு வருடம் டொலர் இல்லை, எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். போன வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கியது நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய். அந்த நாட்களில் தேநீர்த் தண்ணியோடு பாடசாலைக்கு வந்து பத்து மணிக்கு மயங்கி விழுந்த பிள்ளைகளை நாம் தூக்கியிருக்கிறோம்.

அந்த வருடம் ஜூன் மாதம் அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது. அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்து நாட்டின் உணவுக்கு உதவட்டும் என்று மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தது. சம்பளத்தோடு விடுமுறை. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆசிரியர் என்ற முறையில் அரச சம்பளம் வாங்கும் நாம் அதைக் குறை சொன்னால் நன்றாகவும் இராது. ஆனால் ஒரு கேள்வி உண்டு. மண்வெட்டியைப் பிடிக்கத் தெரிந்த தோட்டத் தொழிலாளிக்கு அந்த வெள்ளிக்கிழமை எங்கே? அவர் ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர் போயிற்று. நேரம் கொடுத்தவர்களுக்கு மண்வெட்டி பழக்கமில்லை. மண்வெட்டி பழகியவர்களுக்கு நேரமும் இல்லை, நிலமும் இல்லை. இருந்தும் அந்தக் கோடையில் லயத்துப் பின்பக்கம் எல்லாம் பச்சையாகியது. வேலை முடிந்து நிலா வெளிச்சத்தில் கொத்தினார்கள். சனிக்கிழமைக் கிடுகுச் சந்தை அந்த வருடத்தில்தான் தொடங்கியது. பசியில் தொடங்கியது, பசி குறைந்த பிறகும் நிற்கவில்லை.

ஆனால் எல்லாத் தோட்டத்திலும் கதை இப்படி முடியவில்லை. மாவட்டத்தின் வேறொரு தோட்டத்தில், மரங்களுக்கு இடையில் நடுவதற்கு வாயால் அனுமதி கொடுத்தார்கள். பதினாறு குடும்பங்கள் மரவள்ளியும் வத்தாளையும் பயறும் போட்டன. கிழங்கு வைக்கும் நேரத்தில் நிர்வாகம் மாறியது. "யார் கொடுத்த அனுமதி? கடிதம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். கடிதம் இல்லை. ஒரு கிழமை தவணை கொடுத்து, எட்டாம் நாள் மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். நாம் போனபோது வேலியும் இல்லை, செடியும் இல்லை. ஒரு சகோதரி மாடு மிதித்த வத்தாளைக் கொடியைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். "நட்டா மறுபடி வரும்" என்றார். எங்கே நடுவது என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

பேச்சுவார்த்தைக்குப் போனபோது சொன்ன காரணம், "கீழே பயிர் வைத்தால் தென்னை கெட்டுப்போகும்" என்பது. தோழர்களே, இதற்குப் பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையம் ஊடுபயிர் செய்யச் சொல்லித்தான் பல காலமாகத் தோட்டக்காரர்களுக்குப் புத்தி சொல்கிறது. தென்னையின் சாறு எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி ஆறடிக்குள்ளேதான். அந்த வட்டத்தைத் தொடாமல் நடுவில் பயிர் வைக்கலாம். மரம் கன்றாக இருக்கும் முதல் சில வருடங்களிலும், இருபத்தைந்து வயதைத் தாண்டி ஓலை உயர்ந்து வெயில் கீழே இறங்கும் காலத்திலும் ஊடுபயிர் நன்றாக வரும். இடைப்பட்ட வயதில் நிழல் அதிகம். பயிருக்குப் போடும் சாணமும் தண்ணீரும் தென்னைக்கும் சேரும். அன்னாசியும் வாழையும் முதலாளி போட்டால் அது ஊடுபயிர். அதே இடத்தில் தொழிலாளி மரவள்ளி போட்டால் அது அத்துமீறலா?

இன்னொரு பேச்சையும் நாம் கேட்டோம். சம்பளத்தைப் பற்றிக் கதைக்க உட்கார்ந்தபோது ஒருவர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்குத்தான் வீட்டுத்தோட்டம் இருக்கிறதே, மரக்கறிச் செலவு மிச்சம்தானே" என்றார். இந்த வார்த்தையைக் கவனமாகக் கேளுங்கள். நம் மகிழ்ச்சியை எடுத்து நமக்கு எதிராகவே கணக்கில் எழுதப் பார்க்கிறார்கள். கத்தரிக்காயைக் கொடுத்து மின்சாரப் பில் கட்ட முடியாது. பயற்றங்காய்க்குப் பாடசாலைச் சப்பாத்து கொடுக்க மாட்டார்கள். 2025 தொடக்கத்தில் கடையில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது, தேங்காயைப் பறித்தவனும் பொறுக்கியவளும் உரித்தவனும் பாதித் தேங்காயில் இரண்டு நாள் சம்பல் இடித்தார்கள். விலை ஏறிய பங்கு நம் கைக்கு வரவில்லை. வீட்டுத்தோட்டத்தின் விளைச்சல் நம் ஓய்வு நேரத்தின் உழைப்பு. அதை நாள் சம்பளத்தில் கழிக்க எவருக்கும் உரிமை கிடையாது. சம்பளம் சம்பளம்தான், பாத்தி பாத்திதான்.

நாம் கேட்பது உலகத்தில் இல்லாத ஒன்றும் அல்ல. காணியைப் பேர்ச்சால் அளக்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்களுடைய நாட்டிலேயே, நிலமில்லாத தொழிலாளிகள் மரக்கறி வைக்கச் சிறு துண்டு நிலம் கேட்டுப் பல காலம் போராடினார்கள். 1908இல் வந்த ஒரு சட்டம், கேட்பவர்களுக்கு வாடகைக்கு அப்படி நிலம் ஒழுங்குசெய்து கொடுப்பதை உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கியது. அந்தத் துண்டின் வழமையான அளவு என்ன தெரியுமா? பத்து பேர்ச். சுரங்கத் தொழிலாளியும் ரயில் தொழிலாளியும் அந்தப் பத்து பேர்ச்சில் உருளைக்கிழங்கும் கோவாவும் வைத்தார்கள். அதற்காக அவர்களுடைய சங்கங்கள் சம்பளம் கேட்பதை நிறுத்திவிடவில்லை.

நம் மலையகச் சகோதரர்கள் தனி வீட்டுக்கு 7 பேர்ச் என்று தொடங்கிய பேச்சு இன்று 10 பேர்ச் வரை வந்திருக்கிறது. தென்னந்தோட்டத்தில் சிதறி வாழும் நாம் எண்ணிக்கையில் குறைவு. அதனால் பேச்சிலும் குறைவாகவே வருகிறோம். இனி இப்படி இருக்க முடியாது. பிள்ளைகள் போட்ட கணக்கை எடுத்துக்கொள்வோம். பத்து பேர்ச் என்பது நான்கு தென்னை நிற்கும் நிலம். ஒரு குடும்பம் கேட்பது அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான தென்னைகளைப் பார்த்துக்கொண்ட குடும்பத்துக்கு நான்கு தென்னை நிற்கும் நிலம் பெரிய கேள்வியா?

இது அவசரமான கேள்வியும்கூட. கரையோரம் நெடுக, தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்படும் விளம்பரப் பலகைகளை நீங்களே பார்க்கிறீர்கள். தேயிலை, இறப்பர்க் காணிகளைத் துண்டாடுவதைக் கட்டுப்படுத்த 1958இல் வந்த சட்டத்தில் 2005இல் தென்னையும் சேர்க்கப்பட்டது. காணியைக் காக்கவாவது ஒரு சட்டம் இருக்கிறது. அந்தக் காணியில் குடியிருக்கும் குடும்பத்தின் பாத்தியைக் காக்க எழுத்தில் நம்மிடம் என்ன இருக்கிறது?

ஆகவே சங்கம் மூன்று விசயங்களை முன்வைக்கிறது. ஒன்று, குடும்பத்துக்குப் பத்து பேர்ச் காணியும் அதற்கு உறுதியும். இது நீண்ட போராட்டம் என்று தெரியும். இரண்டு, அது வரும்வரை, இப்போது பயிர் வைத்திருக்கும் ஒவ்வொரு பாத்திக்கும் நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் அனுமதி. நட்ட பயிரை அறுவடை வரை யாரும் அழிக்கக்கூடாது என்ற ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும். தோட்டத் தலைவர்மார் பாத்திகளின் பட்டியலை எடுத்து, யார், எந்த இடம், எத்தனை வருடம் என்று எழுதி, கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். வாயால் சொன்னது மாட்டின் வாய்க்குப் போனதை மறக்க வேண்டாம். மூன்று, தென்னைப் பயிர்ச்செய்கைச் சபையின் ஊடுபயிர் உதவிகளும் விவசாயப் போதனாசிரியரின் வருகையும் லயத்துக்கும் வர வேண்டும். லயமும் கிராம சேவகர் பிரிவுக்குள்தான் இருக்கிறது.

வெளியே கேட்கும்போது உள்ளேயும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிடுகில் குவிந்த மரக்கறியில் முக்கால் பங்கு பெண்களின் உழைப்பு. பகல் முழுக்கத் தேங்காய் பொறுக்கி, புல் வெட்டி, வந்து சமைத்து, பிறகு வாளி தூக்குவதும் அவர்கள்தான். காய்த்த பூசணியைத் தோளில் சுமந்து வந்து கைதட்டல் வாங்குபவர் மட்டும் அண்ணன்! ஆண் தோழர்களே, கிணற்றடிக்குப் போங்கள். வாளி உங்கள் கையிலும் பிடிக்கும். அதேபோல், மாடு, குரங்கு விரட்டுவதற்காகப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் பாத்திக்குக் காவல் வைப்பதையும் நாம் ஏற்கமாட்டோம். பாத்தியின் கணக்கைச் சரியாகப் போடவும் கடிதத்தைச் சரியாக எழுதவும் தெரிந்த ஒரு பிள்ளைதான் நாளைக்கு அந்தப் பாத்தியைக் காப்பாற்றப் போகிறது.

ஆடி பிறந்துவிட்டது. உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக்கு நம் தோட்டங்களிலிருந்து வழக்கம்போல் ஆட்கள் போவார்கள். தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு அயல் கிராமத்தவர்கள் போவார்கள். வழிநடையில் வருபவர்களுக்கு மோர்த் தண்ணீர் வைப்பதுபோல், இந்த முறை சனிக்கிழமைக் கிடுகில் அவர்களுக்கும் ஒரு பங்கு வையுங்கள். நிலம் இல்லாதவர்கள் கொடுக்கிறார்கள் என்பதை ஊர் பார்க்கட்டும்.

வரும் மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத்துக் குழுவும் சந்தாப் புத்தகத்தோடு ஒரு பிடி விதையும் கொண்டுவர வேண்டும். முதல் காயைக் கறிக்குப் பறிக்காமல் முற்றவிட்டு, சாம்பலில் பிரட்டிக் காயவைத்த விதை. கத்தரி, பயறு, பாகல், எதுவானாலும் சரி. ஐப்பசி மழைக்கு முன் எல்லோருக்கும் பங்கிடுவோம். மாடு மிதித்த தோட்டத்துச் சகோதரிக்கு வத்தாளைக் கொடியும் மரவள்ளித் தடியும் நாம் கொண்டுபோய்க் கொடுப்போம். நடுவதற்கு இடம் கேட்கும் கடிதத்தையும் அவருடன் சேர்ந்து அன்றைக்கே நிர்வாகத்திடம் கொடுப்போம்.

அந்தக் கடிதத்தின் பிரதி அடுத்த இதழில் வெளிவரும். பதில் வந்தால், பதிலும் வெளிவரும்.